பித்தளை ஊசி

நவம்பர் 3, திங்கள்

சாணைக்கல் விற்கும் ஏஜென்சிக்காரர் வருடா வருடம் கொடுக்கும் டைரி இது. பதினாறு வருடமாக எழுதுகிறேன். எழுதி ஒன்றும் பெரிதாகக் கிழித்துவிடவில்லை. எந்தப் பெல்ட்டை எப்போது மாற்றினோம், குழாயில் தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது என்பதற்கெல்லாம் ஒரு சாட்சி வேண்டுமே, அதற்குத்தான்.

இன்று பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது. ஃபவுண்டரியிலிருந்து பம்பு வார்ப்படங்கள் இரண்டு வண்டி வந்து இறங்கின. வார்ப்படத்தின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சாணையில் தேய்த்து வழவழப்பாக்கி அனுப்புவது எங்கள் வேலை. என்னைச் சேர்க்காமல் பதினோரு பேர். நான் மேஸ்திரி. கணபதி வட்டாரத்தில் நாச்சிமுத்து மேஸ்திரி என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்.

முதலாளி பாதுகாப்புக் கண்ணாடி ஒரு டஜன் வாங்கி ஆணியில் மாட்டியிருக்கிறார். வேர்த்தால் அதில் ஆவி படிந்து எதிரில் நிற்பவன் ஆளா தூணா என்றே தெரியாது. நான் போடுவதில்லை. நான் போடாததால் மற்றவர்களும் போடுவதில்லை. இருபத்தாறு வருடமாக இப்படித்தான். என் கண் இரண்டும் கிண்ணென்று இருக்கின்றன.

கண்ணில் இரும்புப் பொடி விழத்தான் செய்யும். விழுந்தால் நான் இருக்கிறேன். சட்டைப் பையில் ஒரு மிட்டாய் டப்பா, அதற்குள் ஒரு பித்தளை ஊசி. கம்பியை நானே சாணையில் தேய்த்துச் செய்தது. முனையை நாக்கில் தொட்டு, கை துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியில் துடைத்து, இமையைத் தூக்கிப் பிடித்து ஒரே சுண்டு. பொடி வெளியே வந்துவிடும். பக்கத்துப் பட்டறைகளிலிருந்தெல்லாம் என்னைத் தேடி வருவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அரை நாள் வேலை கெட்டது. என்னிடம் அரை நிமிடம்.

மதியம் ஆறுச்சாமி வந்து பார்த்துவிட்டுப் போனான். போன வருடம்வரை நம் பட்டறையில் இருந்தவன். லாரி ஓட்டப் போகிறேன் என்று நின்றுகொண்டான். இப்போது லைசென்ஸுக்குக் கண் பரிசோதனையில் தேறவில்லையாம், போர்டில் எழுத்துத் தெரியவில்லையாம். பள்ளிக்கூடத்தில் எழுத்தைப் பார்த்திருந்தால்தானே இப்போது தெரியும் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

நவம்பர் 5, புதன்

இன்று சிகாமணி கண்ணில் பொடி. சிகாமணி என் தங்கை பூங்கொடியின் வீட்டுக்காரர். எட்டு வருடமாக என்னோடு சாணையில் நிற்கிறார். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். சின்ன வயதில் அம்மை போட்டு இடது கண்ணில் பூ விழுந்தவர். அந்தக் கண்ணில் இரவா பகலா என்பதுதான் தெரியும். நிச்சயதார்த்தத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் முகம் சுளித்தபோது, அம்மை கொடுத்த பூவுக்கு மனுஷன் என்ன செய்வான், ஆள் தங்கம் என்று சொல்லி முடித்துவைத்தவன் நான். அவர் பிழைப்பெல்லாம் வலது கண்ணில்தான்.

பொடி விழுந்தது அந்த வலது கண்ணில்.

வழக்கம்போல வாசல் வெளிச்சத்துக்கு நேராகக் கவிழ்த்துப் போட்ட பெட்டியில் வந்து உட்கார்ந்தார். பொடி கருவிழியில் குத்திக்கொண்டு நின்றது. மூன்று முறை சுண்ட வேண்டியதாயிற்று. மேகமூட்டம், வெளிச்சம் சரியில்லை. மற்றபடி ஒன்றுமில்லை. டப்பாவில் இருந்த சொட்டு மருந்தை மூன்று சொட்டு விட்டு, பாட்டிலையும் கையில் கொடுத்தனுப்பினேன். மெடிக்கல் ஷாப்பில் நான் கேட்டு வாங்கி வைத்திருப்பது. எப்பேர்ப்பட்ட சிவப்பும் ஒரே நாளில் போகும். பொங்கலுக்கு முன்னால் திறந்தது, இன்னும் பாதி இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

சிகாமணி வேலைக்கு வந்துவிட்டார். கண் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நம் கை அப்படி.

நவம்பர் 8, சனி

குழாயில் தண்ணீர் வந்தது, ஒன்பது நாள் கழித்து. தொட்டி, குடம், அண்டா எல்லாம் நிரப்பியாயிற்று. என் வீட்டுக்காரி ருக்மணிக்கு முழங்கால் வலி, நான்தான் தூக்கினேன்.

சிகாமணிக்குக் கண் மறுபடி சிவந்திருக்கிறது. மருந்தை நிறுத்திவிட்டாராம். அதுதான் காரணம். விடாமல் விடச் சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பூங்கொடி போன் செய்தாள். அவருக்கு வெளிச்சம் பட்டால் கண்ணில் தண்ணீராகக் கொட்டுகிறதாம், கருவிழியில் ஜவ்வரிசி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி தெரிகிறதாம். உடம்புச் சூடாக இருக்கும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல் என்றேன். மருந்து விட்டால் கொஞ்ச நேரம் சிவப்பு அடங்குகிறதுங்ண்ணா என்றாள். அப்புறம் என்ன, விடு என்றேன்.

சிகாமணி ஜிலேபிப் பிரியர். சர்க்கரை இருக்கிறது, மாத்திரையைப் போடுவதில்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நவம்பர் 13, வியாழன்

பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சிகாமணிக்குப் படி தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு காலால் தடவித் தடவி வந்தார். ஜவ்வரிசியாக இருந்தது இப்போது கருவிழி பாதியை மூடிக்கொண்டிருக்கிறது. எட்டே நாள்.

டாக்டர் மெர்லின் என்ற சின்ன வயது அம்மா பார்த்தார். கருவிழியில் புண், அழுக்குப் பட்டுக் கிருமி இறங்கியிருக்கிறது, பூஞ்சையாகத்தான் இருக்கும் என்றார். சுரண்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சர்க்கரை பார்த்தார்கள், முந்நூற்றுச் சொச்சம். அப்புறம் கேள்வி கேட்டார். கண்ணாடி போட்டீங்களா? இல்லை. பொடியை யார் எடுத்தது?

நான் பக்கத்திலேயேதான் நின்றேன்.

“நானேதானுங்க கசக்கி எடுத்தேன்” என்றார் சிகாமணி.

கடையில் வாங்கி ஏதாவது சொட்டு மருந்து விட்டீர்களா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் வைத்தியம் என்றார் டாக்டர். ஒன்றும் விடவில்லை என்றுவிட்டார். பூங்கொடி வாசலில் சீட்டு வாங்க நின்றிருந்தாள்.

பாதிக்கப்பட்டவரே அப்படிச் சொன்ன பிறகு நான் நடுவில் புகுந்து பேசுவது முறையில்லை. பெரிய டாக்டர், பார்த்தாலே தெரியாதா அவருக்கு. வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

மூன்றாம் சாணைக்கு பெல்ட் மாற்றினேன்.

நவம்பர் 17, திங்கள்

பூஞ்சைதான் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. மணிக்கொரு தடவை மருந்து விடுகிறார்கள். சர்க்கரையும் இறங்கிவிட்டது. ஆனால் புண் இறங்கவில்லை. டாக்டருக்கே குழப்பம். இந்த மருந்துக்கு இந்நேரம் கொஞ்சமாவது அடங்கியிருக்க வேண்டும், ஏன் உருகிக்கொண்டே போகிறது என்று கூட இருந்த டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கண் எப்படி உருகும்? அது என்ன மெழுகா?

இந்தக் கண்ணும் போனால் சிகாமணிக்கு உலகமே இல்லை.

நவம்பர் 19, புதன்

மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். பூங்கொடி கை கழுவிவிட்டு வந்து, சுருக்குப் பையைத் திறந்து, ஒரு பாட்டிலை எடுத்து அவர் கண்ணில் இரண்டு சொட்டு விட்டாள். என் பாட்டில். மூடியில் சாணைப் பொடி அப்பிய என் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது.

“அவிய மருந்து எரியுதுங்கறாருங்ண்ணா. நீங்க குடுத்தது விட்டா கொஞ்சம் சமாதானமா இருக்காரு. நர்சுக்குத் தெரியாம அதையும் விட்டுட்டு வர்றேன்” என்றாள்.

நான் கொண்டுபோன ரசத்தை அவள் டம்ளரில் ஊற்றும்போது பாட்டிலை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தேடினால் தேடட்டும். யாரிடமும் சொல்லவில்லை. இனிமேல் விடப்போவதில்லை, அப்புறம் என்ன.

நவம்பர் 20, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. ருக்மணி கேட்டதற்கு வெயில் என்றேன். மழை பெய்துகொண்டிருந்தது.

நவம்பர் 22, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சிகாமணி விஷயம் கேள்விப்பட்டு முதலாளி பட்டறையிலேயே கண் முகாம் போட ஏற்பாடு செய்திருந்தார். வந்தது அதே டாக்டர் மெர்லின். வார்ப்படம் அடுக்கும் மேசையைத் துடைத்து அதன்மேல் கருவியை வைத்தார்கள். மோவாயை அதில் வைத்தால் கண் பெரிதாகிப் பக்கத்து டிவியில் தெரிகிறது. நான்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

முதலில் மயில்சாமி. கருவிழி டிவியில் தட்டு அகலத்துக்குத் தெரிந்தது. அதில் ஒரு வெள்ளைக் கீறல். நகத்தால் கிள்ளியது போல, சின்னதுதான். இது எப்போது வந்தது என்று டாக்டர் கேட்டார். பொடி விழுந்தப்ப நானே எடுத்தேனுங்க என்றான் மயில்சாமி.

அடுத்தவன். அவனுக்கு இரண்டு. நானே எடுத்தேனுங்க.

அதற்கடுத்தவன். நாலாவது ஆள். ஐந்தாவது. நானேதானுங்க, நானேதானுங்க. பத்துப் பேரில் ஏழு பேருக்கு இருந்தது. அத்தனை பேர் கண்ணையும் நான் எத்தனை தடவை தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. ஒருவனும் என் பக்கம் திரும்பவில்லை. சுவரையும் சாணையையும் பார்த்துக்கொண்டு பேசினார்கள். நான் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அதே பெட்டி.

டாக்டர் எடுத்த படங்களையெல்லாம் டிவியில் வரிசையாகப் போட்டார். கீறல்களின் மேல் ஒவ்வொன்றாக விரலை ஓட்டிப் பார்த்தார்.

“எல்லாரும் அவங்கவங்களே எடுத்திருந்தா கீறல் ஆளுக்கொரு பக்கம் போகும். இது ஏழு பேருக்கும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. ஒரே கை. யாருன்னு எனக்கு வேண்டியதில்ல. ஆனா சிகாமணிக்கு என்ன விட்டாங்கன்னு அந்த ஆளுக்குத் தெரியும். தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் போராடிப் பாக்கலாம்.”

சாணை ஓடாத பட்டறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் திட்டாத ஆள் அங்கே ஒருவனில்லை. அத்தனை பேரும் எனக்காகப் பொய் சொல்லிவிட்டு நிற்கிறார்கள்.

“நாந்தானுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

டப்பாவைக் கொடுத்தேன். ஊசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு எப்படிச் சுத்தம் செய்வீர்கள் என்றார். நாக்கில் தொட்டு, பனியன் வேஸ்ட்டில் துடைத்து. இருபத்தாறு வருடம் பெருமையாகச் சொன்னதை இன்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். பிறகு பாட்டிலைக் கொடுத்தேன். பெயரைப் படித்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. எத்தனை நாள் விட்டார்கள் என்று கேட்டார். நான் எடுத்துக்கொண்ட புதன்கிழமை வரைக்கும், உங்கள் வார்டுக்குள்ளேயும் என்றேன்.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இது ஸ்டீராய்டு, சிவப்பை மறைக்கும், நன்றாகிவிட்டது போலக் காட்டும், உள்ளே பூஞ்சைக்குச் சோறு போட்டு வளர்க்கும், இதை டாக்டர் சீட்டில்லாமல் கடையில் கொடுக்கவே கூடாது என்றார். அங்கிருந்தே வார்டுக்குப் போன் போட்டு என்னென்னவோ மாற்றச் சொன்னார்.

பதினாலு நாள் அவர் கண்ணைத் தின்றது என் மருந்து. ஒன்பது நாள், கேட்டும் சொல்லாமல் நின்றது என் வாய். மூன்று நாள் அது என் சட்டைப் பையில் இருந்தது. இதைப் பேனாவால் எழுதுகிறேனே தவிர என் தலைக்குள் ஏறவில்லை.

கிளம்பும்போது டாக்டர், வேறு யாருக்காவது எடுத்திருக்கிறீர்களா, வரச் சொல்லுங்கள் என்றார். ஆறுச்சாமி. போர்டில் எழுத்துத் தெரியாத ஆறுச்சாமி. அவனும் சிரித்தானே.

நவம்பர் 23, ஞாயிறு

கருவிழி காகிதமாக இளைத்துவிட்டதாம். எப்போது வேண்டுமானாலும் ஓட்டை விழும். மருந்து மட்டும் போதாது, வேறு கருவிழி வைத்துத் தைக்க வேண்டும், கண் வங்கியில் சொல்லிவைத்திருக்கிறோம் என்றார்கள். மற்றக் கண்ணில் ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்டேன். நாலு வயதிலேயே பார்வை நின்றுபோன கண், பூவை எடுத்தாலும் பெரிதாகப் பலன் இராது என்றார்கள்.

பூங்கொடியிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ற கையாலயே விட்டனேண்ணா” என்றாள். பாவி, அவளையும் சேர்த்தல்லவா கெடுத்துவிட்டேன்.

நவம்பர் 25, செவ்வாய்

கண் கிடைத்தது. யாரோ ஒரு டீச்சரம்மாவாம், நேற்று மாரடைப்பு. இழவு விழுந்த வீட்டில், அழுதுகொண்டிருக்கும் நேரத்தில், அவர்கள் ஞாபகமாக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத சிகாமணிக்கு. நானும் கண் தானத்துக்கு ஒரு பாரம் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

காலை பத்தரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டேகாலுக்கு வெளியே வந்தார்.

நவம்பர் 28, வெள்ளி

கட்டைப் பிரித்துவிட்டு டாக்டர் கையை முகத்துக்கு நேராக ஆட்டினார். கை ஆடுவது தெரிகிறது என்றார் சிகாமணி. இப்போதைக்கு அவ்வளவுதான். பூஞ்சை திரும்பி வராமல் இருக்க வேண்டும், வைத்த கருவிழி ஒட்ட வேண்டும், இன்னும் மாதக்கணக்கில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வாக்குக் கொடுக்கவில்லை.

பூங்கொடி மாத்திரை வாங்கப் போனதும் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஆறு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று. “மாப்பிள்ள, அன்னைக்கு டாக்டர் கேட்டப்பவே நான் சொல்லியிருக்கோணும்” என்றேன். குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டேன். வார்டில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

சிகாமணி என் கையைத் தடவிப் பிடித்தார்.

“எனக்குத் தெரியுமுங்க மச்சான். உங்கள மாட்டிவிடோணுமாக்கும்னு நாந்தான் இல்லைன்னேன்” என்றார். பிறகு, “எடது கண்ணு அம்மையில போகலீங்க” என்றார்.



அம்மை போட்டிருந்தபோது கண் எரிகிறது என்று அழுதாராம். யாரோ சொன்னார்கள் என்று அவருடைய அம்மா ஏதோ பச்சிலையைக் கசக்கி மூன்று நாள் சாறு பிழிந்திருக்கிறார். அதில்தான் வெந்துபோனது. பத்து வயதில் ஒரு கண் டாக்டர் அவரைத் தனியாக நிறுத்திக் கேட்டாராம், கண்ணில் ஏதாவது பிழிந்தார்களா என்று. கதவோரத்தில் அவர் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“அம்மைதானுங்கன்னு சொல்லீட்டேன். எங்கம்மா சாவற வரைக்கும் அதையேதான் சொன்னேன். உங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன்.”

நிச்சயதார்த்தத்தில் ஊரைக் கூட்டி நான் சொன்ன அம்மை. பதினெட்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் அம்மை.

“என்ற ரெண்டு கண்ணுலயும் கை வெச்சது என்மேல பாசமா இருந்தவியதானுங்க மச்சான். வெளியாள் ஆராச்சும் வெச்சிருந்தா கத்தியிருப்பேன்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் கையை விடவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

டிசம்பர் 1, திங்கள்

கண்ணாடி போட்டுக்கொண்டு சாணையில் நின்றேன். ஆவி படிகிறது. துடைத்துப் போட்டேன். மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தேன். பதினோரு மணிக்குள் எல்லோரும் ஆணியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆறுச்சாமி வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றேன். எதற்கு என்று கேட்டான். சொன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

குழாயில் தண்ணீர் வந்தது. கேஸ் சிலிண்டரும் வந்தது.

காலை பத்து மணிக்குச் சாணைச் சக்கரத்தின் ஓரம் உடைந்து, பொடி கண்ணாடிக்குள் புகுந்து மயில்சாமி கண்ணில் விழுந்துவிட்டது. பழக்கதோஷம், நேராகப் போய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, இமையைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டான். இத்தனைக்கும் அன்று டிவியில் தன் கண்ணைப் பார்த்தவன்.

என் கை சட்டைப் பைக்குப் போனது. அங்கே டப்பா இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கசக்காதே என்று சொல்லிச் சுத்தமான தண்ணீரை ஊற்றினேன். வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நர்ஸ் பாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார், முதலில் யாரிடம் காட்டினீர்கள் என்று. மயில்சாமி சுவரைப் பார்க்க ஆரம்பித்தான்.

“என்கிட்டத்தானுங்க” என்றேன்.

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“தண்ணி மட்டும் ஊத்தினேன். வேற ஒண்ணும் செய்யலீங்க” என்றேன்.

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.